அபராதம் நூறு பாதாம்

— பாதாம் பருப்பை மேஜையிலேர்ந்து எடுங்க மொதல்ல. இது ஊராட்சி ஆபீஸ், மளிகைக் கடை இல்ல.

— எடுக்கறதுக்கா கொண்டாந்தேன்? நூறு இருக்கு. எண்ணிப் பாத்து ரசீது போடுங்க, ஸெலிகா மேடம்.

— வெண்டல் ஸ்டீவ்ஸ், போன வியாழக்கிழமையே சொன்னேன். அபராதம்னா டாலர்.

— நானும் போன வியாழக்கிழமையே சொன்னேன். பீச்சுல நிக்கிற பலகையைப் படிங்க. மேல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கு? 'நாய்களுக்கு அனுமதி இல்லை. ஃபைன் நூறு டாலர்.' கீழ பிரெஞ்சுல என்ன எழுதியிருக்கு? 'நாய்களுக்கு அனுமதி இல்லை. பாதாம் நூறு.'

— படிக்கத் தெரியும் எனக்கு. அதை மொழிபெயர்த்ததே நான்தான்.

— அதான் கேக்கறேன். நம்ம மாகாணத்துல ரெண்டு பாஷைக்கும் சம மரியாதை. இங்கிலீஷ் ஒண்ணு சொல்லி பிரெஞ்சு வேற ஒண்ணு சொன்னா, ரெண்டுமே செல்லும். சும்மா சொல்லக்கூடாது, இங்கிலீஷ்காரன் ஒருத்தன் பிரெஞ்சை மதிச்சுப் பாதாம் தூக்கிட்டு வந்திருக்கேன். அதுக்கு ஒரு நன்றிகூட இல்ல.

— ஒரே ஒரு எழுத்து! பிரெஞ்சுல 'அமாந்த்'னா அபராதம். 'அமாந்த்'னா பாதாமும்தான். வாயால சொன்னா ரெண்டும் ஒண்ணு. எழுதறப்ப நடுவுல ஒரே ஒரு எழுத்து மாறும். அந்த எழுத்து என் கையில வழுக்கிடுச்சு. டாலர் குறியை விட்டது பெயின்டர் பண்ண தப்பு, அது என் கணக்குல சேராது.

— பாவம், பெயின்டருக்கும் பங்கு குடுக்கறீங்க.

— புதுப் பலகைக்குச் சொல்லியாச்சு. மாங்க்டன்லேர்ந்து வரணும். அந்த ஆளு இன்னும் அனுப்பல, அவனுக்கு என்ன நோவோ. அது வர்ற வரைக்கும் ஊரே என் தலையில பாதாம் கொட்டுது.

— மழைக் கோட்டு நனைஞ்சிருக்கு. அந்தக் கதவுக்குப் பின்னாடி, உங்க கோட்டு மேல மாட்டட்டுமா?

— வேண்டாம்! நாற்காலியில போடுங்க. அங்க ஆணி சரியில்ல.

— ஆணி சரியில்லன்னா நான் அடிச்சுத் தரேன்.

— நாற்காலியில போடுங்கன்னேன். அப்புறம், இந்த வாரமும் டிக்கெட் சீட்டு இல்லையா? பீச் காவலர் எழுதிக் குடுத்த சீட்டு இல்லாம நான் எதை வெச்சு ரசீது போடறது?

— நாய் தின்னுடுச்சு.

— போன வாரமும் நாய்தான் தின்னுச்சு.

— அதுக்கு வேற தீனி இல்ல மேடம். பாதாம் எல்லாம் உங்களுக்கே வந்துடுது.

— சிரிக்காதீங்க. உள்ள அலமாரியைத் திறந்தா பாதாம்தான் விழுது. ஸ்டாப்ளர் எங்க இருக்குன்னு தெரியல. மேயரோட அம்மா ஒரு நாள் வந்து கேக்குக்குன்னு ஒரு பை அள்ளிட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் பிரசங்கம் பண்றார், 'பாவத்துக்குப் பரிகாரம் உண்டு, அதை ஜெபமாவும் கட்டலாம், பருப்பாவும் கட்டலாம்'னு. கோயில் முழுக்கத் திரும்பி என்னையே பாத்தது.

— நான் பின் பெஞ்சுல இருந்தேன். ரொம்ப நேரம் சிரிச்சேன்.

— நீங்க கத்தோலிக்கரே இல்லையே?

— அன்னிக்கு மட்டும் வந்தேன். பாதாம் வருதுன்னு கேள்விப்பட்டேன்.

— எனக்கு நல்லா வேணும். இந்த ஊர்ல நான் திருத்தாத ஆள் உண்டா? மெயின் ரோட்டு மதுக்கடையில 'குழாய் பீர்'ங்கறதை பிரெஞ்சுல 'சந்துக் காத்து பீர்'னு எழுதி வெச்சிருந்தான். ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல 'டிராஃப்ட்'னு ஒரே வார்த்தை, பாவம், அவன் என்ன பண்ணுவான். நான் போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்பினேன். என் பெரியம்மா பொண்ணு கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மையில திருத்தி, போஸ்ட்டுல திருப்பி அனுப்பினேன். கல்யாணத்துக்குக் கூப்பிடல.

— கூப்பிடாததும் எழுத்துப் பிழைன்னு நெனச்சீங்களா?

— கிட்டத்தட்ட. அம்மா செத்தப்போ வந்த இரங்கல் அட்டையைக்கூட விடல, வெண்டல். அழுதுக்கிட்டே ஒரு கால்புள்ளி போட்டேன். அப்படிப்பட்டவளுக்கு கடவுள் எங்க வெச்சார் பாருங்க ஆப்பு. பீச்சுல. ஆள் உயரப் பலகையில. அபராதம்ங்கற வார்த்தையிலயே.

— உங்களைத் திருத்த கடவுளுக்கு ஒரு எழுத்து போதும் போல.

— கேளுங்க, விளையாட்டு இல்ல. இன்னிக்கு சாயங்காலம் சபை கூடுது. மேயர் கோபமா இருக்கார். மொழிபெயர்ப்பு வேலையை எடுத்து மெஷின்கிட்ட குடுத்துடலாம்னு தீர்மானம் கொண்டுவர்றார்.

— மெஷின் என்ன சொல்லுது?

— பலகை வாசகத்தைத் தன் போன்ல போட்டுப் பாத்திருக்கார். 'நாய்களுக்கு அனுமதி இல்லை. நல்லது, நூறு டாலர்'னு வந்துது.

— அதுவும் தப்புதானே?

— தப்புதான்னு சொன்னேன். 'இருக்கட்டும், மெஷின் என் பிறந்தநாள் பேச்சைத் திருத்தாது'ன்னார். அவர் சொன்னதுல இலக்கணப் பிழைகூட இல்ல.

— வேலை போனா என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்றது. வீட்டுக்குப் போய் உக்காரணும். அங்க திருத்தறதுக்கு ஒரு ஆள்கூட இல்ல. சோப்பு டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சிரிக்காதீங்கன்னேன்ல, எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.

— நான் சிரிக்கல.

— அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். மத்தவங்க எல்லாம் என் சொந்தக்காரங்க, விளையாட்டுக்குப் பாதாம் போடறாங்க. நீங்க ஒருத்தர்தான் பாலத்துக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்கார ஆளு, கோர்ட்டுக்குப் போயிடுவீங்களோன்னு மேயருக்குப் பயம். நூறு டாலர் கட்டிடுங்க. 'பலகை எனக்குப் புரிஞ்சது, வழக்கு எதுவும் போட மாட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும், பிழைச்சுக்குவேன்.

— இங்கிலீஷ்ல எழுதட்டுமா, பிரெஞ்சுலயா?

— இங்கிலீஷ்ல. உங்க பிரெஞ்சைச் சபை தாங்காது.

— தரேன். ஆனா சபைக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க?

— ஒரு விளக்கம் எழுதி வெச்சிருக்கேன். தப்பு என்மேல இல்ல, வார்த்தை மேலதான்னு.

— அந்த வார்த்தை எங்க வீட்டு வார்த்தையாச்சே. குத்தம் சொல்றதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? படிங்க, கேப்போம்.

— 'மதிப்பிற்குரிய சபையோருக்கு. ஃபைன் என்னும் இந்த ஆங்கிலச் சொல் ஒரு சொல்லே அன்று. அது ஒரு தங்கும் விடுதி. உள்ளே யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது உரிமையாளருக்கே தெரியாது.'

— உரிமையாளர்னா நாங்களா? சும்மா சொல்லக்கூடாது, நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே வெக்கமா இருக்கு.

— 'அபராதம் என்பது அவ்விடுதியின் ஓர் அறைதான். வானம் வெளுத்திருந்தாலும் ஆங்கிலேயர் ஃபைன் என்பர். நாம் அதை அழகான பொழுது என்போம்.'

— கடல்ல இருக்கறப்ப அப்பா அப்படித்தான் சொல்வார். 'ஃபைன் டே'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பனிமூட்டம் வந்து மூடிடும். அன்னிக்கு எங்களுக்கு அது அபராதம்தான்.

— 'மாவு மென்மையாக இருந்தாலும், வலைக்கண் பொடியாக இருந்தாலும், நூல் மெல்லியதாக இருந்தாலும் அதே சொல். உடல்நலம் விசாரித்தால் வரும் பதிலும் அதே. அதற்கு நாம் நலம் என்று எழுத வேண்டும்.'

— அதை மட்டும் நம்பாதீங்க. நாட்டோட மறுகோடியில, ஆல்பர்ட்டாவுல எண்ணெய்க் குழாய் வேலை பாத்தப்ப எனக்கு நெஞ்சு வலி வந்துது. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சா, பக்கத்துக் கட்டில்காரன் 'எப்படி இருக்கே'ன்னான். மூக்குல குழாயோட 'ஃபைன்'னேன். எங்க ஆளுங்க சாகறப்பகூட அதைத்தான் சொல்வாங்க.

— நெஞ்சு வலியா? எப்போ? யார் பாத்துக்கிட்டாங்க?

— பக்கத்துக் கட்டில்காரன்தான். மேல படிங்க.

— நீங்க சொல்லவே இல்லையே.

— பாதாமோட சேர்த்து சொல்ற விஷயமா அது? படிங்க மேடம்.

— 'மேலும், ஒருவர் சம்மதிக்கும்போதும் ஃபைன் என்பர். சம்மதிக்காமல் கோபத்தோடு விட்டுக்கொடுக்கும்போதும் ஃபைன் என்பர்.'

— அது சரியான பாயின்ட். எங்கம்மா 'ஃபைன்'னு சொல்லிட்டா ஒரு வாரத்துக்கு அடுப்பு எரியாது. நாங்க ரொட்டியைத் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கிட்டு, எந்த ஃபைன்னு யோசிச்சுக்கிட்டு இருப்போம்.

— 'இத்தனை பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், வாசலில் நிற்கும் ஏழை மொழிபெயர்ப்பாளர் யாரை உள்ளே விடுவார்? ஆகவே பிழை பொறுத்தருள்க.' அவ்வளவுதான். எப்படி இருக்கு?

— நான் சொன்னா வருத்தப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— வார்த்தைக்குச் சரியான ஆளைத்தான் நீங்க கண்டுபிடிச்சீங்க. அபராதம்னு. அந்த விடுதியில சரியான அறைக் கதவைத்தான் தட்டியிருக்கீங்க. பேரை எழுதறப்பதான் எழுத்து மாறிப் போச்சு. அப்ப எங்க வார்த்தை மேல என்ன குத்தம்?

— நான் எழுதினதை ஒருத்தர் திருத்தி எனக்குக் காட்டறது இதுதான் முதல் தடவை. எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.

— எப்படி இருக்கு?

— ரொம்பக் கேவலமா இருக்கு. ஊர்க்காரங்க இத்தனை வருஷம் எப்படித்தான் பொறுத்தாங்களோ. இந்த விளக்கத்தைக் கிழிச்சுப் போட வேண்டியதுதான். இதுல ஒரு ஆளை வேற விட்டுட்டேன். எங்க ஃபீனை.

— யாரது?

— எங்க பிரெஞ்சுல உள்ளது. உங்க ஃபைனுக்கு என்ன எழுத்தோ அதே எழுத்து, ஒண்ணுகூட மாறாது. ஆனா 'ஃபீன்'னு சொல்வோம். பாரிஸ்காரன்கிட்ட சொன்னா மெல்லிசு, நேர்த்தின்னுதான் எடுத்துக்குவான். எங்க பக்கத்துல தங்கமான மனுஷின்னு அர்த்தம். நல்ல மனசுக்காரி, இனிமையானவன்னு. எனக்கு யாரும் சொன்னதில்ல, அதனால மறந்துடுச்சு போல.

— ஆம்பளைக்கு என்ன சொல்வீங்க?

— ஆம்பளைன்னா கடைசி எழுத்து போயிடும். 'ஃபேங்'.

— ஃபேங்னா அதில்லையே.

— என்ன இல்லையே?

— ஃபேங்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சே எட்டு வார்த்தைதான், அதுல போய் கை வெக்காதீங்க. சின்ன வயசுல பாலம் தாண்டி உங்க கோயில் ஹாலுக்குப் படம் பாக்க வருவோம். ஒண்ணும் புரியாது. கடைசியில திரையில அந்த வார்த்தை பெருசா வரும். பசங்க எல்லாரும் 'ஃபேங்'னு கத்துவாங்க, விளக்கு போடுவாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க.

— அதுவும் ஃபேங்தான், இதுவும் ஃபேங்தான். அதே எழுத்து, அதே சத்தம். முடிவுக்கும் அதுதான், நல்லவனுக்கும் அதுதான். உங்க விடுதியைத் திட்டறேன், எங்க வீட்டுலயும் அதே கூத்துதான்… வெண்டல்? என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நெஞ்சு வலிக்குதா?

— இல்ல. ஒண்ணு கேக்கணும். 'தே பெ ஃபேங்'னா என்ன?

— உச்சரிப்பைப் பாரு! 'நீ ரொம்ப நல்லவன்.' யாராவது ஆசையா சொன்னா, 'நீ தங்கம்டா'ன்னு எடுத்துக்கலாம். யார் சொன்னாங்க உங்களுக்கு?

— நீ சொன்னே.

— 'நீ'யா? மேடம் எங்க போச்சு?

— அன்னிக்கும் 'நீ'ன்னுதான் பேசிக்கிட்டோம், ஸெலிகா. நான் ஆல்பர்ட்டாவுக்குப் போறதுக்கு முன்னாடி. ஆகஸ்ட் பதினஞ்சு, உங்க பிரெஞ்சுக்காரங்க திருநாள். ஊரே பானையும் மூடியும் தட்டிக்கிட்டுத் தெருவுல போகுது. நீ ஒரு பொரிக்கிற சட்டியை மரக் கரண்டியால அடிச்சுக்கிட்டு வந்தே. மூஞ்சியில நட்சத்திரம் வரைஞ்சிருந்தே.

— அந்த நட்சத்திரம் கோணலா இருந்துது. நானே வரைஞ்சேன்.

— கோணலாத்தான் இருந்துது. கோயில் படிக்கட்டுகிட்ட உன்னை நிறுத்தி நான் ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— நீ என்ன கேட்டேன்னு ஞாபகம் இல்லாமலா? 'உன் வீட்டு வாசல்ல என் பூட்ஸைக் கழட்டி வெக்கலாமா'ன்னு கேட்டே. கல்யாணத்துக்குக் கேக்கறான், ஒரு பேச்சுக்குக்கூட அதுல பூ, கீ எதுவும் இல்ல. பூட்ஸ். இறால் நாத்தம் அடிக்கிற ரப்பர் பூட்ஸ்.

— அது சிங்கி இறால் நாத்தம். மரியாதையான நாத்தம். சரி, அதுக்கு நீ என்ன சொன்னே?

— 'நீ ரொம்ப நல்லவன்டா'ன்னேன்.

— எனக்கு என்ன கேட்டுது தெரியுமா? ஊரே தகரம் தட்டுது. உன் வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்து சேந்துது. ஃபேங். முடிஞ்சுது. படம் முடிஞ்சுது, விளக்கைப் போடு, வீட்டுக்குப் போ.

— மாதாவே.

— சொல்லிட்டு வேகமா திரும்பி கோயில் ஹாலுக்குள்ள போயிட்டே. அதுக்கு மேல ஒருத்தன் அங்க நிப்பானா? படம் முடிஞ்சா எழுந்து போறதுதானே மரியாதை? போனேன். ரெண்டு வாரத்துல ஆல்பர்ட்டாவுக்கே போயிட்டேன்.

— கோட்டு எடுக்கப் போனேன், மடையா!

— என்னது?

— என் கோட்டை எடுக்க உள்ள போனேன்! ராத்திரி குளிரும், உன்கூட நடந்து வீட்டுக்குப் போகலாம், அடுப்புல கோழிக் குழம்பு இருக்கு, ரெண்டு தட்டு எடுத்து வெக்கலாம்னு. கோட்டோட வந்து பாக்கறேன், படிக்கட்டுல நீ இல்ல. கேட்டுட்டுப் பயந்து ஓடிட்டான்னு நெனச்சேன். கேட்டதே தப்புன்னு தோணியிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் நீ ஆல்பர்ட்டா போனதா வேற ஒருத்தி வந்து சொல்றா, என் பெரியம்மா பொண்ணு. அன்னிக்குத்தான் அவ கல்யாணப் பத்திரிகையும் வந்துது. அதான் அவ்வளவு சிவப்பு மை.

— ஸெலிகா…

— இரு. என்னைத் திட்டிக்க விடு, எனக்கு அதுல நல்ல பழக்கம் இருக்கு. ரெண்டு பாஷையில பரிட்சை எழுதி மெடல் வாங்கினவ நான். கவர்ன்மென்ட் முத்திரை வெச்ச மொழிபெயர்ப்பாளர். என்கிட்ட ஒருத்தன் வாழ்க்கையிலயே ஒரு தடவை ஒரு கேள்வி கேக்கறான். அதுக்கு 'சரி'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. எந்தப் பாஷையிலயும் யாரும் தப்பா எடுத்துக்க முடியாத வார்த்தை. அதைச் சொல்ல மாட்டேன். நயமா, இலக்கிய நயத்தோட, 'நீ ரொம்ப நல்லவன்'னு சொல்வேன். ஊர்ல எல்லாத்தையும் தப்பு தப்புன்னு சொல்லிச் சொல்லி, சரின்னு சொல்றதுக்கே வாய் வராமப் போச்சு எனக்கு.

— நானும் ஒண்ணும் கெட்டிக்காரன் இல்ல. 'என்ன சொன்னே'ன்னு திரும்பக் கேட்டிருக்கலாம். எட்டு வார்த்தை பிரெஞ்சு தெரிஞ்சவன், அதுல ஒண்ணு காதுல விழுந்ததும், பாஷையே வந்துட்டதா நெனச்சுட்டேன். முழுசாத் தெரியாம இருந்திருந்தா நின்னிருப்பேன்.

— ஒரு எழுத்துக்குப் பாதாம். ஒரு வார்த்தைக்குப் பன்னெண்டு வருஷம்.

— அழாதே. பாதாம் மேல தண்ணி படுது.

— நான் அழல. நான் ஃபைன்.

— எந்த ஃபைன்?

— போடா.

— ஸெலிகாக்கா! ஸெலிகாக்கா, இருக்கியா? மாதாவே, என்ன ஈரம் வெளியே! அதாவது, மேயர் அனுப்பினார் என்னை. ஓ, வெண்டல் ஸார் இருக்காரா? வணக்கம் ஸார், வணக்கம். அக்கா, ஏன் மூக்கெல்லாம் செவந்திருக்கு?

— பனி, அல்தேயோ. பனி ஒத்துக்கல. நீ பீச்சுல நாய் வராம குருவி முட்டைக்குக் காவல் நிக்காம இங்க என்ன பண்றே?

— முட்டையெல்லாம் பொரிச்சுப் பறந்தாச்சு, அக்கா. அதாவது, மேயர் சொன்னார், நீ சாயங்காலம் பெருசா விளக்கம் படிக்கப் போறியாமே, அதெல்லாம் வேண்டாமாம். அவருக்கு மெஷின் மேல ஒண்ணும் ஆசை இல்ல. அதுல பாட்டி பேரைப் போட்டா செடி பேர் வருதாம். நீ எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, 'என் தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். ஊருக்கே அதைக் கேக்கணுமாம். நாற்காலி போதாதுன்னு கோயில்லேர்ந்து பெஞ்சு தூக்கிட்டு வர்றாங்க.

— பெஞ்சா?

— எங்கம்மா மொத வரிசைக்குத் துண்டு போட்டு வெச்சிருக்கா.

— சொல்றேன்னு சொல்லு. இன்னிக்கு அந்த வார்த்தை எனக்கு நல்லா வருது. இவரும் எழுதிக் குடுக்கறார், வழக்கு இல்லன்னு. அல்தேயோ, வந்தது வந்தே, இவர் டிக்கெட்டுக்கு நகல் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போ. நாய் ஒவ்வொரு தடவையும் சீட்டைத் தின்னுடுதாம்.

— எந்த டிக்கெட், அக்கா?

— நாய் டிக்கெட்தான். ஒவ்வொரு வாரமும் நீ இவருக்குக் குடுக்கறது.

— நானா? இவருக்கா? அதாவது, இவர்கிட்ட நாய் ஏது?

— நாய் ஏதா?

— இவருக்கு நாயே கிடையாதே, அக்கா. நாய் முடி பட்டா தும்மல் வரும்னு இவரே சொன்னார். தனியா வருவார், பலகை முன்னாடி நிப்பார், படிப்பார், தனக்குத் தானே சிரிச்சுக்குவார், பாதாம் வாங்கக் கடைப்பக்கம் போவார். ஒவ்வொரு வியாழக்கிழமையும். நீ ஆபீஸ்ல தனியா இருக்கற நாள் அது.

— வெண்டல் ஸ்டீவ்ஸ்!

— அதாவது…

— அது அல்தேயோ வார்த்தை! உன் வார்த்தையில சொல்லு! நாய் இல்லாத ஆளு நாய்க்கு அபராதம் கட்டறே, கோடை முழுக்க? அந்த நாய்க்கு ஒரு பேர்கூடச் சொன்னியே என்கிட்ட!

— சும்மா சொல்லக்கூடாது, நல்ல நாய்தான். சீட்டு தின்னும், குலைக்காது.

— விளையாடாதே.

— வேற எப்படி வர்றது, ஸெலிகா? படம் முடிஞ்ச கொட்டகைக்குத் திரும்பி வர்றதுக்கு ஒருத்தனுக்கு ஏதாவது காரணம் வேணும்ல? பலகையைப் பாத்தேன். இது உன் எழுத்துன்னு தெரிஞ்சுது. உன்கிட்ட ஒரு தப்பு இருக்குன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தப்பே இல்லாதவ முன்னாடி நான் எப்படி வந்து நிப்பேன்?

— இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்ன மூளையில எங்க வெச்சிருந்தே?

— பூட்ஸ்ல.

— சரி.

— என்ன சரி?

— அன்னிக்குக் கேட்டியே, அதுக்குச் சொன்னேன். சரி. எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா? இதுல ஒரு பிழையும் இல்ல.

— ஸெலிகா, இன்னொரு தடவை சொல்லு, தகரச் சத்தம் இல்லாம.

— சரின்னேன். ஆனா பூட்ஸைக் கழுவிட்டு வரணும். நாய் இல்லாம நாய்க்கணக்கு எழுதின ஃபிராடை வீட்டுக்குள்ள விடறதே பெருசு. என்னை மாதிரி ஒரு நேர்மையான அரசாங்க ஊழியரை இப்படி ஏமாத்தியிருக்கே.

— அக்கா, நான் போகவா? அதாவது, இன்னும் ஒண்ணே ஒண்ணு மேயர் கேக்கச் சொன்னார். ஜூலை மாசமே மாங்க்டன்லேர்ந்து வந்த அந்தச் சரியான பலகை, இந்தக் கதவுக்குப் பின்னாடி உன் கோட்டுக்கு அடியிலேயே நிக்குதே, அதை இன்னிக்காவது பீச்சுல மாட்டட்டுமா, இல்ல வெண்டல் ஸார் வாங்கி வெச்ச பாதாம் தீர்ற வரைக்கும் அங்கேயே இருக்கட்டுமா?